அல்பியன் டூர்ஜே: படைவீரர், நீதிபதி, ப்ளெஸ்ஸியின் வழக்கறிஞர்

ரயில்களில் இனப் பிரிவினை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ப்ளெஸ்ஸி எதிர் ஃபெர்குசன் வழக்கில் 1896இல் தோற்ற வழக்கறிஞர் என்ற ஒரே வரியோடு டூர்ஜேயைப் பற்றிய பெரும்பாலான குறிப்புகள் முடிந்துவிடுகின்றன. அவர் யார், அடிமை முறையை ஒட்டி வடக்கும் தெற்கும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குக்காகச் சண்டையிட்டவர் எப்படிச் சட்டத்துக்கு வந்தார், அந்த வழக்கை ஏன் அப்படி வடிவமைத்தார் என்பது கேள்வி. சுருக்கமான பதில்: வட கரோலினாவில் அவர் நீதிபதியாக இருந்த ஆறு ஆண்டுகளைப் படிக்காமல் ப்ளெஸ்ஸி வழக்கு புரியாது. சட்டப் புத்தகத்தில் எல்லோரும் சமம் என்று எழுதிவிட்டாலும், அதை நடத்துகிற ஷெரிஃபும் ஜூரியும் ரயில் கண்டக்டரும் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்று அங்கேதான் அவர் கண்டார். விரிவான பதில் கீழே.

டூர்ஜே 1838 மே 2 அன்று ஒஹையோ மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், அஷ்டபுலா வட்டாரத்தில் வில்லியம்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார். அடிமை முறை எதிர்ப்பு ஆழமாக வேரூன்றிய பகுதி அது. ஐந்து வயதில் தாயை இழந்தார். பதினான்கு வயதில் ஒரு வெடி விபத்தில் வலது கண் பார்வை போனது. 1859இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1861 ஏப்ரலில் போர் தொடங்கியதும் படிப்பை விட்டுவிட்டு நியூயார்க்கின் 27ஆம் காலாட்படைப் பிரிவில் சேர்ந்தார். ஒற்றைக் கண்ணோடு என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவருடைய போர் வாழ்க்கை வீரப் பதக்கங்களின் கதை இல்லை, காயங்களின் பட்டியல். 1861 ஜூலை 21, முதல் புல் ரன் போர். வடக்குப் படை சிதறிப் பின்வாங்கிய நெரிசலில் பீரங்கி வண்டியின் சக்கரம் முதுகில் மோதியது. தண்டுவடத்தில் அடி, கால்கள் செயலிழந்தன. ஊருக்கு அனுப்பப்பட்டு, படுக்கையில் இருந்தபடியே சட்டம் படிக்க ஆரம்பித்தார். மெல்ல நடக்கத் தொடங்கியதும் 1862 ஜூலையில் ஒஹையோவின் 105ஆம் பிரிவில் லெஃப்டினன்டாக மறுபடி சேர்ந்தார். அதே ஆண்டு அக்டோபர் 8 அன்று கென்டக்கியின் பெரிவில் போரில் இடுப்பில் காயம். 1863 ஜனவரியில் டென்னஸியின் மர்ஃப்ரீஸ்பரோ அருகே தெற்குப் படையிடம் பிடிபட்டு, ரிச்மண்டின் லிபி சிறை உட்படப் பல இடங்களில் சுமார் நான்கு மாதங்கள் கைதியாக இருந்தார். கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையானதும், மே 14 அன்று எம்மா கில்போர்னைத் திருமணம் செய்துகொண்டார். பிறகு மீண்டும் படை. சிக்கமாகா, சாட்டனூகா போர்கள். முதுகு ஒத்துழைக்காமல் 1863 டிசம்பரில் பதவி விலகினார். 1864 மே மாதம் ஒஹையோவில் வழக்கறிஞராகப் பதிவு செய்தார்.

எம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. கணவரின் கடிதங்கள், கையெழுத்துப் பிரதிகள், கடன் கணக்குகள் அனைத்தையும் வாழ்நாள் முழுவதும் கவனித்தவர் அவர். டூர்ஜே பணம் சேர்க்கத் தெரியாத மனிதர். அந்தக் குடும்பம் மூழ்காமல் நின்றதற்கு எம்மா ஒரு பெரிய காரணம்.

1865 அக்டோபரில் இருவரும் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். முதுகுக்கு வெப்பமான தட்பவெப்பம் ஏற்றது என்பது ஒரு காரணம். தோற்ற தெற்கைப் புதிதாகக் கட்டலாம் என்ற நம்பிக்கை இன்னொன்று. செடி நாற்றுப்பண்ணை ஒன்றைக் கூட்டாளிகளோடு தொடங்கினார்; அது நொடித்தது. பத்திரிகை ஆரம்பித்தார், அதுவும் நிற்கவில்லை. வடக்கிலிருந்து வந்து குடியேறிய இத்தகையவர்களைத் தெற்கு வெள்ளையர்கள் ‘கார்ப்பெட்பேக்கர்’ என்று ஏசினார்கள்: கம்பளத் துணியில் தைத்த பையோடு கொள்ளையடிக்க வந்தவர்கள் என்று பொருள். டூர்ஜே விஷயத்தில் நடந்தது நேர்மாறு. கொண்டுவந்த பணத்தை அங்கே இழந்தார்.

அவர் அரசியலில் நிலைத்த தடம் பதித்தது 1868இல். ஜனவரி முதல் மார்ச் வரை ராலே நகரில் கூடிய மாநில அரசியலமைப்பு மாநாட்டுக்கு கில்ஃபோர்டு வட்டாரத்தின் பிரதிநிதியாகச் சென்றார். அந்த மாநாடு எழுதியவற்றில் முக்கியமானவை: வாக்களிக்கவும் பதவிக்குப் போட்டியிடவும் இருந்த சொத்துத் தகுதி நீக்கம், நீதிபதிகள் உட்பட அதிகாரிகளை மக்களே தேர்ந்தெடுப்பது, ஆண்டுக்குக் குறைந்தது நான்கு மாதம் நடக்க வேண்டிய இலவசப் பள்ளிகள், கசையடித் தண்டனையை ஒழித்து, மரண தண்டனையை நான்கு குற்றங்களுக்கு மட்டும் சுருக்குவது, கடனுக்காகப் பறிக்க முடியாதபடி 1,000 டாலர் வரையிலான வீட்டு மனைக்குப் பாதுகாப்பு. இந்தக் கடைசி ஏற்பாட்டால் பலன் பெற்றவர்களில் ஏழை வெள்ளை விவசாயிகள் ஏராளம். டூர்ஜேயின் கணக்கே அதுதான்: கறுப்பினத்தவரும் ஏழை வெள்ளையரும் ஒரே சட்டத்தில் லாபம் கண்டால் அந்தச் சட்டத்தைப் பெரிய நிலக்கிழார்களால் எளிதில் குலைக்க முடியாது.

அதோடு, மாநிலத்தின் சட்டத் தொகுப்பைத் திருத்த நியமிக்கப்பட்ட மூன்று ஆணையர்களில் இவரும் ஒருவர். அதுவரை பொதுச் சட்ட வழக்கு ஒரு வழி, சமநீதி வழக்கு இன்னொரு வழி என்று தனித்தனி நடைமுறைகள் இருந்தன; தவறான வழியில் போனவர் நியாயம் தன் பக்கம் இருந்தாலும் வெளியே தள்ளப்படுவார். நியூயார்க்கின் தொகுப்பை முன்மாதிரியாகக் கொண்டு இரண்டையும் ஒரே உரிமையியல் வழக்காக இணைத்தார்கள். கிளர்ச்சியூட்டும் செய்தி இல்லைதான். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலிக்காரர் கூலி கேட்டு வழக்குப் போட முடியுமா முடியாதா என்பது இத்தகைய நடைமுறை விதிகளில்தான் இருக்கிறது.

அதே 1868இல் மாநில மேல் நீதிமன்றத்தின் ஏழாவது மாவட்ட நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கில்ஃபோர்டு, அலமான்ஸ், காஸ்வெல், ஆரஞ்ச் முதலிய வட்டாரங்களுக்குச் சுற்றுப்பயணமாகச் சென்று வழக்கு விசாரிக்க வேண்டும். கறுப்பினத்தவரை வன்முறையால் அடக்க முயன்ற வெள்ளை இனவெறி ரகசிய அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளான் மிக வலுவாக இருந்த பகுதி இது. 1870 பிப்ரவரி 26 அன்று அலமான்ஸின் கிரஹாம் ஊரில், கறுப்பினக் காவலரும் நகர ஆணையருமான வயட் அவுட்லாவை வீட்டிலிருந்து இழுத்துவந்து, நீதிமன்றச் சதுக்கத்து மரத்தில் தூக்கிலிட்டார்கள். மே 21 அன்று காஸ்வெலின் யான்சிவில் ஊரில், டூர்ஜேயின் நண்பரும் மாநில செனட்டருமான ஜான் ஸ்டீஃபன்ஸ் நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார். அப்போது அதே கட்டடத்தில் எதிர்க்கட்சிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கொலையாளிகளில் ஒருவர் 1919இல் எழுதிக்கொடுத்த வாக்குமூலம் அவர் இறந்தபின் 1935இல்தான் வெளியானது. அறுபத்தைந்து ஆண்டுகள்!

நீதிபதியாக டூர்ஜே சந்தித்த சிக்கல் இது: குற்றம் நடந்தது ஊருக்கே தெரியும். சாட்சி சொன்னால் வீடு எரியும். ஜூரியில் உட்காருபவர்களில் சிலர் க்ளான் உறுப்பினர்கள். கைது செய்ய வேண்டிய ஷெரிஃபும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். செனட்டர் அபட்டுக்கு அவர் எழுதிய தனிப்பட்ட கடிதம், தன் மாவட்டத்தில் நடந்த கொலைகளையும் தீவைப்புகளையும் எண்ணிக்கையோடு சொன்னது. அது 1870 ஆகஸ்டில் நியூயார்க் ட்ரிப்யூன் இதழில் அச்சாகிவிட, கொலை மிரட்டல்கள் குவிந்தன. ஆளுநர் ஹோல்டன் இரு வட்டாரங்களில் படையை இறக்கிக் கைதுகள் செய்தார். அதற்காகவே சட்டமன்றம் அவர் மீது குற்றம் சாட்டி 1871 மார்ச்சில் பதவியிலிருந்து நீக்கியது. டூர்ஜே பின்வாங்கவில்லை. 1871 இறுதியில் அலமான்ஸ் கிராண்ட் ஜூரி (ஒருவர் மீது குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) க்ளான் உறுப்பினர்கள் 63 பேர் மீது குற்றம் சாட்டியது. அவுட்லா கொலைக்காக 18 பேர் மீது தனியே குற்றச்சாட்டு. இவ்வளவு தூரம் வந்தபின் சட்டமன்றம் என்ன செய்தது? குற்றம் சாட்டுவதற்கு அடிப்படையாக இருந்த சட்டத்தையே ரத்து செய்தது; பிறகு பொது மன்னிப்பும் வழங்கியது. வழக்குகள் ஆவியாகின. நீதிபதி சரியாக இருந்தார், சாட்சியும் கிடைத்தது, கிராண்ட் ஜூரியும் இசைந்தது. சட்டமே காலடியிலிருந்து உருவப்பட்டது. ஒரு மாநிலம் தன் குடிமக்களைப் பாதுகாக்க மறுத்தால் நாட்டின் அரசியலமைப்பே தலையிட வேண்டும் என்ற அவருடைய பிடிவாதம் இந்த அனுபவத்தில் உறுதிப்பட்டது என்பது என் கணிப்பு.

1874இல் நீதிபதி பதவிக்காலம் முடிந்தது. 1875 மாநாட்டிலும் பிரதிநிதியாக இருந்து, 1868 அரசியலமைப்பைக் குலைக்க வந்தவர்களோடு மல்லுக்கட்டினார். 1878இல் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 1879இல் தெற்கை விட்டு வெளியேறினார். அதே ஆண்டின் இறுதியில் இந்த அனுபவங்களை வைத்து எழுதிய ‘எ ஃபூல்ஸ் எரண்ட்’ நாவல் பெயரில்லாமல் வெளியாகிப் பெரும் விற்பனை கண்டது. அந்தப் பணத்தில் நியூயார்க் மாநிலத்தின் மேவில் ஊரில் வீடு வாங்கினார். 1882இல் ஆரம்பித்த வார இதழ் இரண்டே ஆண்டில் அந்தச் செல்வத்தையெல்லாம் விழுங்கிவிட்டது. அதன்பின் வாழ்க்கை முழுவதும் எழுத்துக்கூலிதான். 1888 முதல் சிகாகோவின் இன்டர் ஓஷன் நாளிதழில் அவர் எழுதிய பத்தியைக் கறுப்பின வாசகர்கள் தேடிப் படித்தார்கள். நியூ ஆர்லியன்ஸ் மக்கள் அவரைத் தேடிவர அதுவும் ஒரு காரணம்.

இனி வழக்கு. லூசியானா 1890இல் தனிப் பெட்டிச் சட்டத்தை நிறைவேற்றியது. ரயில்களில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் ‘சமமான, ஆனால் தனியான’ இடம் தர வேண்டும்; தனிப் பெட்டியாகவோ ஒரே பெட்டியில் தடுப்பு வைத்தோ பிரிக்கலாம். யார் எதில் உட்கார வேண்டும் என்று கண்டக்டர் முடிவு செய்வார். மறுக்கும் பயணிக்கு 25 டாலர் அபராதம் அல்லது 20 நாள் வரை சிறை. சொன்ன இடத்தில் உட்காராதவரை ஏற்றிச்செல்ல மறுத்தால் ரயில் நிறுவனத்தின் மீது நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. ஒரு விதிவிலக்கு: மற்ற இனக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலித் தாய்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. இந்த விதிவிலக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1891 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸில் குடிமக்கள் குழு ஒன்று உருவானது. லூயி மார்ட்டினே, ரோடோல்ஃப் டெஸ்டூன் ஆகியோர் அதன் முக்கியத் தூண்கள். டூர்ஜே தலைமை வழக்கறிஞராக இருக்க ஒப்புக்கொண்டார், கட்டணம் வாங்காமல். உள்ளூரில் வழக்கை நடத்த ஜேம்ஸ் வாக்கர் என்ற வெள்ளை வழக்கறிஞர் அமர்த்தப்பட்டார்.

சோதனை வழக்கை உருவாக்குவது நுணுக்கமான வேலை. பயணி சட்டத்தை மீறினால் கண்டக்டர் அவரை ரயிலிலிருந்து இறக்கிவிட்டுப் போய்விடலாம். அப்போது வழக்கே இல்லை. அடித்து நொறுக்கினால் அது அடிதடி வழக்காகிவிடும். இந்தச் சட்டத்தின் கீழ் மட்டுமே கைதாக வேண்டும். ஆகவே ரயில் நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவித்து, தனியார் துப்பறிவாளர் ஒருவரையும் ஏற்பாடு செய்தார்கள். கூடுதல் பெட்டிகளுக்கு ஆகும் செலவால் ரயில் நிறுவனங்களுக்கும் இந்தச் சட்டம் பிடிக்கவில்லை.

முதல் முயற்சி 1892 பிப்ரவரி 24 அன்று. ரோடோல்ஃபின் மகன் டேனியல் டெஸ்டூன் அலபாமாவின் மொபீலுக்குச் சீட்டு வாங்கி ஏறிக் கைதானார். அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் பயணம். மாநிலங்களுக்கு இடையிலான போக்குவரத்துக்கு இச்சட்டம் பொருந்தாது என்று லூசியானா உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் தீர்ப்பளிக்க, டேனியல் மீதான வழக்கு கைவிடப்பட்டது. வெற்றிதான், ஆனால் அரைகுறை: மாநிலத்துக்குள் ஓடும் ரயில்களில் பிரிவினை அப்படியே இருந்தது. எனவே இரண்டாவது முயற்சி. ஜூன் 7 அன்று செருப்புத் தைக்கும் தொழிலாளியான ஹோமர் ப்ளெஸ்ஸி, லூசியானாவுக்குள்ளேயே இருக்கும் கவிங்டனுக்கு முதல் வகுப்புச் சீட்டு வாங்கி வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்தார். பூர்வீகத்தில் எட்டில் ஏழு பங்கு ஐரோப்பியர். பார்த்தால் வெள்ளையர் போலத்தான் இருப்பார். துப்பறிவாளர் கைது செய்தார். 500 டாலர் ஜாமீன்.

நடைமுறையில் டூர்ஜேயும் வாக்கரும் வைத்த ஒரு பொறி உண்டு. குற்றப்பத்திரிகை ப்ளெஸ்ஸியின் இனத்தைச் சொல்லவில்லை. இவர்களும் எந்த மனுவிலும் அதைச் சொல்ல மறுத்தார்கள். அப்படியானால் அவர் எந்த இனம் என்று தீர்மானித்தது யார்? கண்டக்டர். மேல்முறையீடு இல்லாமல், சாட்சி இல்லாமல், ஒரு ரயில் ஊழியருக்கு நீதிபதியின் அதிகாரத்தை மாநிலம் தரலாமா என்பது கேள்வியாகிவிட்டது. ஷெரிஃபையும் ஜூரியையும் பார்த்துச் சலித்த ஒரு நீதிபதியின் கேள்வி இது. நவம்பரில் நீதிபதி ஜான் ஃபெர்குசன் சட்டம் செல்லும் என்றார். விசாரணை முடிந்து தண்டனை வரும்வரை காத்திராமல், ஃபெர்குசனைத் தடுக்கும் ஆணை கேட்டு நேராக மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதனால்தான் வழக்கின் பெயரில் ஒரு நீதிபதி எதிர்த்தரப்பாக இருக்கிறார். அங்கும் தோல்வி. வாஷிங்டனில் உள்ள நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குப் போக அனுமதித்த மாநிலத் தலைமை நீதிபதி ஃபிரான்சிஸ் நிக்கல்ஸ், 1890இல் ஆளுநராக இருந்தபோது இதே சட்டத்தில் கையெழுத்திட்டவர்.

வழக்கு 1893 முதல் 1896 வரை உச்ச நீதிமன்றப் பட்டியலில் கிடந்தது. இந்தத் தாமதத்தை டூர்ஜே விரும்பினார். ஒன்பது நீதிபதிகளில் உறுதியாகத் தங்கள் பக்கம் இருப்பவர் ஒருவரே என்று மார்ட்டினேக்கு 1893இல் எழுதினார். பாதகமான தீர்ப்பு வந்தால் அதைப் புரட்டுவது மிகக் கடினம். மக்கள் கருத்து மாறும்வரை பொறுக்கலாம் என்பது கணக்கு. கணக்கு பொய்த்தது. இடைப்பட்ட காலத்தில் காற்று எதிர்ப்புறமாக இன்னும் பலமாக அடித்தது. 1894இல் நீதிமன்றத்துக்கு வந்த எட்வர்ட் ஒயிட் லூசியானாக்காரர், தெற்குப் படையில் இருந்தவர்.

1896 ஏப்ரல் 13 அன்று டூர்ஜே வாதாடினார். அவருடைய எழுத்துவாதத்தில் மூன்று கிளைகள் உண்டு. முதலாவது, வெள்ளையர் என்று கருதப்படுவது அமெரிக்காவில் ஒரு சொத்து. வாய்ப்புகளின் கதவைத் திறக்கும் சாவி அது. அதை உரிய விசாரணையின்றிக் கண்டக்டர் பறிக்கிறார். இரண்டாவது, அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் ஒழித்த அடிமை முறையின் அடையாளத்தை இந்தச் சட்டம் திரும்பவும் சுமத்துகிறது. மூன்றாவது, பதினான்காம் திருத்தம் நாட்டுக் குடியுரிமையை மாநிலத்துக்கு மேலே வைத்துவிட்டது. இங்கேதான் செவிலித் தாய் விதிவிலக்கு வருகிறது. கறுப்பினப் பெண் வெள்ளைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதே பெட்டியில் உட்காரலாம் என்றால், அருகில் உட்காருவதால் வெள்ளையருக்குக் கெடுதல் இல்லை என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. வேலைக்காரியாக இருந்தால் சரி, சமமானவராக இருந்தால் குற்றம். என் பார்வையில் முழு வாதத்திலும் மிக வலுவான இடம் இதுதான். நீதிபதிகள் அனைவரும் நாளைக் காலை கறுப்புத் தோலோடும் சுருட்டை முடியோடும் கண்விழித்து, கண்டக்டர் வேறு பெட்டியைக் காட்டினால் எப்படி உணர்வார்கள் என்றும் கேட்டார். நீதியைக் கண் கட்டியவளாக வரைகிறோம்; அவள் மகளான சட்டத்துக்கு நிறமாவது தெரியாமல் இருக்க வேண்டும் என்பதும் அந்த ஆவணத்தில் உள்ளதே.

மே 18 அன்று 7-1 என்று தோல்வி. ஒரு நீதிபதி கலந்துகொள்ளவில்லை. பெரும்பான்மைக்காக எழுதிய ஹென்றி பிரௌன், தனிப் பெட்டியில் தாழ்வு இருப்பதாகத் தோன்றினால் அது கறுப்பினத்தவர் தாங்களாகக் கற்பித்துக்கொள்வது என்றார். மறுத்தவர் ஜான் மார்ஷல் ஹார்லன் ஒருவரே. கென்டக்கியில் முன்பு அடிமைகளை வைத்திருந்தவர். இங்கே சாதி இல்லை, நமது அரசியலமைப்பு நிறம் பார்க்காது என்று அவர் எழுதிய வரிகளில் டூர்ஜேயின் உருவகம் அப்படியே ஒலிக்கிறது.

டூர்ஜேயின் உத்தியைக் குறை சொல்பவர்கள் இரண்டு விஷயங்களைச் சுட்டுகிறார்கள். வெள்ளையர் போலத் தோன்றுபவரைத் தேர்ந்தெடுத்ததால் வாதம் ‘வெண்மையின் மதிப்பு’ என்ற குறுகிய சந்துக்குள் போய்விட்டது என்பது ஒன்று. இதில் நியாயம் உண்டு; பிரௌன் அந்த வாதத்தை எளிதாக ஒதுக்கினார், வெள்ளையரைத் தவறாக மாற்றி உட்காரவைத்தால் அவர் நஷ்டஈடு கேட்கட்டும், மற்றவர் இழக்க எதுவும் இல்லை என்று. இரண்டாவது, பெட்டிகள் உண்மையில் சமமாக இருந்தனவா என்பதற்கு ஒரு சாட்சியம்கூட வழக்கில் இல்லை. இது டூர்ஜே தெரிந்தே செய்தது. பெட்டிகள் பட்டு மெத்தையோடு சமமாகவே இருந்தாலும் பிரிப்பது தவறு என்ற முடிவு அவருக்கு வேண்டும். பின்னாளில் கறுப்பினத்தவர் முன்னேற்றச் சங்கத்தின் வழக்கறிஞர்கள் எதிர்த்திசையில் போனார்கள்: 1938இலும் 1950இலும் சட்டக் கல்லூரிகளில் வசதிகள் சமமாக இல்லை என்று நிரூபித்து வென்று, அந்தப் படிகளின் மேல் நின்று 1954 மே 17 அன்று பிரௌன் எதிர் கல்வி வாரியம் வழக்கில் (நீதிபதி பிரௌனுக்கும் இதற்கும் தொடர்பில்லை) பிரிவினையே சமமின்மை என்ற தீர்ப்பைப் பெற்றார்கள். அவர்கள் கடைசிப் படியில் நின்று சொன்னதை டூர்ஜே முதல் படியிலேயே கேட்டார். கேள்வி சரி; கேட்ட நீதிமன்றம் தவறு.

அதே 1896இல் அவர் பங்களித்த ஒரு சட்டம் வென்றது. ஒஹையோ சட்டமன்றத்தில் கறுப்பின உறுப்பினர் ஹாரி ஸ்மித் கொண்டுவந்த கும்பல் கொலைத் தடுப்புச் சட்டத்தின் வரைவில் டூர்ஜேயின் கை இருந்தது. கும்பல் ஒருவரைக் கொன்றால், அது நடந்த வட்டார நிர்வாகம் அவர் குடும்பத்துக்கு 5,000 டாலர் தர வேண்டும். கொலையாளியைக் கண்டுபிடிக்காத ஊர், தன் வரிப்பணத்தில் கட்டும். ஜூரி மௌனமானால் என்ன செய்வது என்ற அலமான்ஸ் காலத்துக் கேள்விக்கு இது செயல்படக்கூடிய பதில்.

1897இல் அதிபர் மெக்கின்லி அவரை பிரான்ஸின் போர்தோ நகரில் துணைத் தூதராக நியமித்தார். 1905 மே 21 அன்று அங்கேயே காலமானார். அஸ்தி மேவிலில் அடக்கம் செய்யப்பட்டது. அந்த ஆண்டு தோன்றிய, கறுப்பினச் சிந்தனையாளர் டுபோயிஸின் சம உரிமை அமைப்பான நயாகரா இயக்கம், அடிமை முறையை எதிர்த்துப் போராடிய கேரிசன், ஃப்ரெடெரிக் டக்ளஸ் ஆகியோரோடு சேர்த்து அவருக்கும் நினைவுக் கூட்டங்கள் நடத்தியது.

ப்ளெஸ்ஸி 1897 ஜனவரி 11 அன்று குற்றத்தை ஒப்புக்கொண்டு 25 டாலர் அபராதம் கட்டினார். 1954 தீர்ப்பு பள்ளிகளைப் பற்றியது. அது அவர் மீதான தண்டனையை அழிக்கவில்லை. பிரிவினைச் சட்டங்களால் தண்டிக்கப்பட்டவர்களுக்கு மன்னிப்பு வழங்க லூசியானா 2006இல் இயற்றிய சட்டத்தின் கீழ், 2022 ஜனவரி 5 அன்று ஆளுநர் ஜான் பெல் எட்வர்ட்ஸ் கையெழுத்திட்ட பிறகே அந்தக் குற்றப்பதிவு நீங்கியது.